செருப்புக் கத்தியும் வீரக் கத்தியும்

போன பௌர்ணமிக்கு மறுநாள் காலைல ஒரு கோணிப்பையைத் தூக்கிக்கிட்டு கிரிவலப் பாதையில செருப்பு பொறுக்கிட்டு இருந்தேன். எங்க ஊர் அடி அண்ணாமலை. பதினாலு கிலோமீட்டர் நடக்கிற கூட்டம் இங்க வரும்போதே பாதி உயிரா வரும். கோயில் வாசல்ல கழட்டிப் போட்டுட்டு உள்ள போவாங்க, வெளிய வந்தா கும்பல்ல தேட முடியாது, "போனா போகுது, அண்ணாமலையார் பார்த்துப்பார்"னு வெறுங்காலோட நடையைக் கட்டிடுவாங்க. விடிஞ்சா ஜோடி தப்பின ஹவாய் செருப்பா கிடக்கும்.

டீக்கடைக்காரர் பார்த்துட்டுக் கேட்டார். "என்னா சார், ஜெராக்ஸ் கடை ஓடலயா?"

"கத்தி செய்யப் போறேன்ணே."

அவர் ஒரு நிமிஷம் என்னையும் கோணியையும் பார்த்தார். அப்புறம் ஒண்ணும் கேட்காம ஸ்ட்ராங்கா ஒரு டீ போட்டுக் கொடுத்தார். புத்தி பேதலிச்சவங்களுக்கு எங்க ஊர்ல கொடுக்கிற மரியாதை அது :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

*

எங்க அக்கா பொண்ணு காலேஜ் முதல் வருஷம். அவ காலேஜ்ல (பேர் வேண்டாம்) ஒரு நாள் தற்காப்புப் பயிற்சி முகாம் நடந்திருக்கு. காலைல பத்து மணிக்கு ஆரம்பம், மத்தியானம் சாம்பார் சாதம், சாயங்காலம் நாலு மணிக்கு சான்றிதழ். பயிற்சியாளர் பையிலேருந்து நிஜமான ஸ்டீல் கத்தி ஒண்ணை உருவி, தன்னோட சிஷ்யப் பையன்கிட்ட கொடுத்து "குத்து"ன்னிருக்கார். பையன் குத்த வந்தானாம். இவர் மணிக்கட்டைப் பிடிச்சு ஒரு முறுக்கு. கத்தி கீழே. பையன் அதுக்கு மேல கீழே. அரங்கமே கைதட்டல். அப்புறம் பத்துப் பொண்ணுங்களை மேடைக்குக் கூப்பிட்டு அதே கத்தியை வச்சு அதே முறுக்கு. எல்லாரும் ஜெயிச்சாங்க. போட்டோ எடுத்தாச்சு.

ராத்திரி வீட்டுக்கு வந்தவ, அடுப்படியில இருந்த காய் நறுக்குற கத்தியை எடுத்து பிடிப்பக்கமா என்கிட்ட நீட்டினா.

"மாமா, என்னைக் குத்து. எப்படித் தடுக்கிறேன் பாரு!"

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. கோழைன்னு சொன்னா சொல்லிக்குங்க. என் இடது கையில மோதிர விரலும் சுண்டு விரலும் முழுசா மடங்காது. பைக்ல கிளட்ச் பிடிக்கிறது ரெண்டு விரலாலதான். அதுக்கு ஒரு கதை இருக்கு.

எனக்கு இருபது வயசு இருக்கும்போது பக்கத்து ஊர்ல சிலம்பம் கத்துக்கிட்டேன். திருவிழாவுல ஆடிக் காட்டுறதுக்காக பிச்சுவா பயிற்சி. நிஜப் பிச்சுவா. "முனை மழுங்கினதுதான்டா"ன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. முனை மழுங்கித்தான் இருந்தது, விளிம்பு மழுங்கலை. முந்தின நாள் பெஞ்ச மழையில தரை ஈரம். எதிர்ல இருந்தவன் கால் வழுக்கி எம்மேல சாய்ஞ்சான். நான் பதட்டத்துல கையை நீட்டிப் பிடிச்சேன். பிடிச்சது அவன் கையை இல்லை.

விரலை மடக்குற நாண் ரெண்டு அறுந்து போச்சு. உள்ளங்கை நடுவுலேருந்து விரல் நடுக்கணு வரைக்கும் உள்ள அந்தப் பகுதிக்கு கை அறுவை மருத்துவர்கள் ஒரு காலத்துல "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்"னே பேர் வச்சிருந்தாங்க. அங்க அறுந்தா, தைச்சாலும் நாண் சுத்தியிருக்கிற உறையோட ஒட்டிக்கும், விரல் மறுபடி ஒழுங்கா மடங்காது, அதனால கை வைக்கவே யோசிப்பாங்களாம். இன்னைக்கு நல்லாவே தைக்கிறாங்க. ஆனா தைச்சதோட முடியாது. வாரக்கணக்குல கட்டு, மாசக்கணக்குல பயிற்சி. எனக்குத் தையல் போட்டதோட சரி, அப்புறம் நான் போகலை. சின்ன வயசு, திமிரு. பலன், ரெண்டு விரல் இன்னைக்கும் கும்பிட்ட மாதிரியே நிக்குது.

எங்க ஆசான் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினதே அவர்தான். ஆனா மறுநாள் என்னைப் பார்க்க வந்தப்போ சொன்னது இன்னும் காதுல இருக்கு. "ரத்தம் பாக்காதவனுக்கு வித்தை வராதுடா."

இத்தனை வருஷமா அந்த வாக்கியத்தோட மனசுக்குள்ளயே சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு வெளியே போடறேன். ஆசானே, மன்னிக்கணும். நீங்க சொன்னது தப்பு.

*

நிஜக் கத்தியை வச்சுப் பழகுறது ஆபத்து. இதைச் சொல்ல நான் வேண்டாம், குழந்தைக்கும் தெரியும். நான் சொல்ல வர்றது வேற. நிஜக் கத்தியை வச்சுப் பழகுறது பொய்.

யோசிச்சுப் பாருங்க. மேடையில அந்த சிஷ்யப் பையன் கையில இருந்தது கூரான ஸ்டீல். எதிர்ல நிக்கிறது காலேஜ் பொண்ணு. அவன் முழு வேகத்துல குத்துவானா? மாட்டான். குத்தினா ஜெயிலு. அதனால கையை நீட்டி, நடுவுல நிறுத்தி, "இந்தா பிடிச்சுக்கோ"ன்னு காட்டிக்கிட்டு நிப்பான். பிடிச்சதும் கையை இழுத்துக்க மாட்டான், இழுத்தா பொண்ணு விரல் போயிடும். ரெண்டாவது குத்து கிடையவே கிடையாது. கத்தி கூரா இருக்க இருக்க, அதைப் பிடிச்சிருக்கிறவன் நல்லவனா ஆகிக்கிட்டே போறான். அவன் எதிராளி இல்லைங்க, உங்களுக்கு அடிபடாம பார்த்துக்கிற ஆயா.

இந்த ஆயாகிட்ட பழகிட்டு, "எனக்குக் கத்தியைத் தடுக்கத் தெரியும்"னு நம்பிக்கிட்டு ஒரு பொண்ணு வெளியே போறா. அந்த நம்பிக்கை இருக்கே, அதுதான் கத்தியை விட ஆபத்து. ஓட வேண்டிய நேரத்துல நின்னு முறுக்கப் பார்ப்பா.

ஆகவே பயிற்சிக் கத்திக்கு ரெண்டு குணம் வேணும். ஒண்ணு, முழு வேகத்துல குத்தினாலும் காயம் ஆகக் கூடாது. அப்பதான் குத்துறவன் நிஜமா குத்துவான். ரெண்டு, பட்ட இடத்துல அடையாளம் விழணும். அப்பதான் "படவே இல்லையே"ன்னு நாம நமக்கே புளுக முடியாது.

இது ஒண்ணும் வெளிநாட்டு யோசனை இல்லை. சிலம்பத்துல எதிராளி நெத்தியில கம்பு நுனியால தொட்டா "பொட்டு வச்சாச்சு"ம்பாங்க. அடிச்சு மண்டையை உடைக்கிறது இல்லை, தொடறதுதான் கெத்து. பக்கத்துல கேரளாவுல களரியை எடுத்துக்குங்க. முதல்ல உடம்பு, அப்புறம் கோல்தாரின்னு மரக்கம்பு, அதுக்கும் அப்புறம்தான் அங்கத்தாரின்னு உலோக ஆயுதம். நேத்து சேர்ந்தவன் கையில யாரும் வாளைக் கொடுக்கிறது இல்லை. ஜப்பான்காரன் கெண்டோவுக்கு நாலு மூங்கில் பட்டையைச் சேர்த்துக் கட்டி வாள் பண்ணினான். கையில மரவாளும் நிஜ வாளும் இருந்தவன் எதுக்கு மூங்கில் பட்டைக்குப் போனான்? அப்பதான் ஒருத்தனை ஒருத்தன் நிஜமா அடிச்சுப் பழக முடியும்னுதான்.

*

சரி, மொட்டை மாடிக் கதைக்கு வர்றேன்.

அக்கா பொண்ணுகிட்ட காய்க்கத்தியை வாங்கி அடுப்படியில வச்சுட்டு, என் பழைய செருப்புல ஒண்ணை வெட்டிக் கத்தி பண்ணினேன். விளிம்பு பூரா அவளோட தீர்ந்து போன லிப்ஸ்டிக்கைத் தடவினேன். என்னோட வெள்ளை முண்டா பனியன் ஒண்ணை அவ சுடிதார் மேல போட்டுக்கச் சொன்னேன். ரெண்டு பேருக்கும் கண்ணாடி.

"இப்ப நிஜமாவே குத்துவேன். நிறுத்த மாட்டேன். நீ கத்துக்கிட்டதைச் செய்."

பத்து ரவுண்டு. ஒரே ஒரு தடவை என் மணிக்கட்டைப் பிடிச்சா. பிடிக்கிறதுக்குள்ள வயித்துல மூணு கோடு. பிடிச்சப்புறம் நான் கையை இழுத்ததுல உள்ளங்கையில ஒரு கோடு. கரெக்டா எனக்கு அறுந்த அதே இடம். அவ அதைப் பார்த்தா, என் கையைப் பார்த்தா, ஒண்ணும் பேசலை.

அப்புறம் ஆள் மாத்தினோம். அவ குத்தினா, நான் தடுத்தேன். மூணு வருஷம் சிலம்பம் கத்துக்கிட்டவன் லட்சணம் என்ன தெரியுமா? என் சட்டை ஹோலிப் பண்டிகை மாதிரி ஆயிடுச்சு. தம்பி பையன் கீழேருந்து வந்து பார்த்துட்டு "பெரியப்பா, நீ எத்தினி தடவை செத்த?"ன்னு கேட்டான். ரொம்ப முக்கியம்.

மூணாவது சுத்து வேற மாதிரி வச்சோம். தடுக்கவே வேண்டாம்னேன். கையில காலேஜ் பை இருக்கு, நடுவுல ஒரு பிளாஸ்டிக் சேர் இருக்கு, பின்னாடி படிக்கட்டு இருக்கு. நான் வர்றதைப் பார்த்ததும் பையை மூஞ்சியில எறி, சேரை நடுவுல இழுத்துவிடு, கத்திக்கிட்டே படி இறங்கிடு. பத்துல ஆறு தடவை ஒரு கோடு கூட இல்லாம கீழே போயிட்டா. பக்கத்து வீட்டு ஆயா ரெண்டு தடவை "என்னாடி ஆச்சு?"ன்னு ஓடி வந்தாங்க. அதுவும் பயிற்சியில நல்ல முடிவுதான் :-)

இதுல நான் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கலை. அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டி போலீஸ்ல டென்னிஸ் ட்யூலர்னு ஒருத்தர் 1983-ல ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோட ஒருத்தன் 21 அடி தூரத்தை ஒன்றரை செகண்டுல தாண்டிடுவான், இடுப்புல துப்பாக்கி வச்சிருக்கிற போலீஸ்காரருக்கு அதை உருவிச் சுட அவ்வளவு நேரம்தான் இருக்கும்னு சோதனை பண்ணி எழுதினார். துப்பாக்கிக்காரனுக்கே அந்த கதி. துப்பட்டா போட்டவளுக்கு நாலு அடி தூரத்துல மணிக்கட்டு முறுக்கு சொல்லிக் கொடுக்கிறாங்க நம்மாளுங்க.

*

இப்ப செய்முறை. ரொம்ப சுலபம்தான்.

தேவையானது: தடிமனான ஹவாய் செருப்பு ஒண்ணு. ஜோடி வேண்டாம். பழைய சைக்கிள் ட்யூப். உப்புத்தாள். பேப்பர் வெட்டுற கட்டர். வெட்டுற வேலையைப் பெரியவங்க செய்யணும், பசங்க கையில கட்டரைக் கொடுத்துட்டு அப்புறம் பாதுகாப்பைப் பத்திப் பேசாதீங்க.

முதல்ல செருப்பைத் திருப்பிப் பாருங்க. அடியில முள், ஆணி, கண்ணாடித் துண்டு ஏறியிருக்கும். வார் அறுந்து ஊக்கு குத்தின செருப்பா இருந்தா ஊக்கு உள்ளயே உடைஞ்சு நிக்கும். எல்லாத்தையும் பிடுங்கிட்டு, சோப்புத் தண்ணில கழுவி, நிழல்ல காய வையுங்க. பழசாகி செங்கல் மாதிரி இறுகினது ஆகாது. ரெண்டா மடிச்சா மடங்கணும், விட்டா நிமிரணும்.

நடுவுல நீளவாக்குல ரெண்டு விரல் அகலத்துக்குப் பட்டையா வெட்டுங்க. வார் மாட்டுற முன் ஓட்டை அந்தப் பட்டையிலயே வரும். அந்தப் பக்கத்தைப் பிடியா வச்சுக்குங்க, சைக்கிள் ட்யூபை நீளமா வெட்டிச் சுத்தினா ஓட்டையும் மறைஞ்சிடும், கையும் வழுக்காது. மறுமுனையில ஒரு ரூபாய் நாணயத்தை வச்சு வளைவு வரைஞ்சு, அந்த உருண்டைக்கு வெட்டுங்க. கூர் முனை வேண்டவே வேண்டாம். விளிம்பை உப்புத்தாளால தேய்ங்க.

முடிஞ்சதும் உங்க தொடையில நீங்களே ஓங்கிக் குத்திப் பாருங்க. வளையணும், வலிக்கக் கூடாது. வலிச்சா குப்பைக்கு. அடுத்தவன் உடம்புல சோதிக்கிறதுக்கு முன்னாடி நம்ம உடம்புல சோதிக்கணும், இதான் சட்டம்.

அடையாளத்துக்கு லிப்ஸ்டிக்கோ ஈரமாக்கின சாக்பீஸோ போதும். குங்குமம், கோலமாவு வேண்டாம், கண்ணுல பறக்கும். கண்ணுக்கு, கிரைண்டிங் வேலைக்குப் போடுவாங்களே அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடி. ஹார்டுவேர் கடையில கிடைக்கும். கத்தி எவ்வளவு மெத்துனு இருந்தாலும் கண்ணாடி இல்லாம ஆரம்பிக்காதீங்க. கழுத்துக்கு மேல குறி வைக்கக் கூடாது.

செய்யக் கூடாதது: ஸ்டீல் ஸ்கேல், மரக்கத்தி, பி.வி.சி. பைப், மழுக்கின இரும்பு. திருவிழாக் கடை பிளாஸ்டிக் கத்தி உடைஞ்சா சில்லு நிஜக் கத்தியாயிடும். பேப்பரை இறுக்கிச் சுருட்டினா அது கம்பு, கத்தி இல்லை. முக்கியமா, வெள்ளி பெயின்ட் அடிச்சு நிஜம் மாதிரி பண்ணாதீங்க. பௌர்ணமிக் கூட்டத்துல அதை எடுத்துக்கிட்டு நடந்தா நீங்க தற்காப்பு மாணவர்னு போலீஸ்காரருக்கு எப்படித் தெரியும்? நீலம், சிவப்பு, மஞ்சள்னு பளிச்னு இருக்கட்டும். செருப்பே நமக்கு அந்த வசதியைக் கொடுக்குது.

கடைசியா ஒண்ணு. பயிற்சி நடக்கிற இடத்துல நிஜக் கத்தி ஒண்ணு கூட இருக்கக் கூடாது. பையிலயும் கூடாது, பழம் வெட்டுறதுக்கும் கூடாது. அவசரத்துல கை மாறினா அவ்வளவுதான்.

*

இதைச் சொன்னதுக்கு எனக்குத் தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தர் எகிறினார். "ஆயுத பூஜைக்குச் சந்தனம் வச்சுக் கும்பிடற பொருள்யா அது. கால்ல போட்ட செருப்புல செய்வியா?"

அண்ணே, உங்க கோபம் எனக்குப் புரியுது. ஆயுதத்தை நானும் கும்பிடறவன்தான். அதனாலதான் சொல்றேன், ஒரு நாள் முகாம்ல சாம்பார் சாதத்துக்கு நடுவுல அதை உருவி வித்தை காட்டாதீங்க. அது அதுக்கு அவமானம். செருப்பைப் பத்தியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பொண்ணுங்களோட முதல் தற்காப்பு ஆயுதம் எது? பஸ்ல உரசுறவனைப் பார்த்து எந்தப் பொண்ணாவது "பிச்சுவா பிஞ்சிடும்"னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? :-)

இன்னொருத்தர், "நிஜக் கத்தியைப் பார்த்தாத்தாங்க பயம் போகும்"னார். ஏங்க போகணும்? கத்தியைப் பார்த்தா பயப்படறது அறிவு. 2016-ல நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்துல பட்டப்பகல்ல ஒரு பொண்ணை வெட்டினான். 2024 நவம்பர்ல கிண்டி அரசு ஆஸ்பத்திரிக்குள்ளயே ஒரு டாக்டரைக் குத்தினாங்க. இதுல யாரு மணிக்கட்டை நீட்டிக் காட்டிக்கிட்டு நின்னா? பாதிக்கப்பட்டவங்களுக்கு வித்தை தெரியலைன்னு சொல்றது அநியாயம். முறுக்கினா எல்லாம் சரியாயிடும்னு காசு வாங்கிக்கிட்டுச் சொல்றது அதைவிட அநியாயம்.

"பயிற்சின்னா நாலு அடி படத்தான் செய்யும்"ங்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு ஞாபகப்படுத்தறேன். 2018 ஜூலை 12. கோவை நரசிபுரம் பக்கம் ஒரு காலேஜ்ல பேரிடர் பயிற்சி. கீழே பசங்க வலையை விரிச்சுப் பிடிச்சிருக்காங்க. ரெண்டாவது மாடியில உட்கார்ந்திருந்த 19 வயசுப் பொண்ணு தயங்கினா. பயிற்சியாளர் தள்ளிவிட்டார். முதல் மாடி சன்ஷேடுல தலை மோதி அந்தப் பொண்ணு செத்துப் போச்சு. எங்களுக்கும் இந்தப் பயிற்சிக்கும் சம்பந்தமே இல்லைன்னு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்லிடுச்சு. உயிரைக் காப்பாத்திக்கிறது எப்படின்னு சொல்லிக் கொடுக்க வந்த இடத்துல போன உயிர் அது. அந்தப் பொண்ணு தயங்கினதுதான் சரி. தள்ளினதுதான் தப்பு.

பெத்தவங்களுக்கும் காலேஜ் நிர்வாகத்துக்கும் நான் சொல்றது இவ்வளவுதான். அடுத்த முகாமுக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பயிற்சியாளர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. என்ன கத்தி கொண்டு வர்றீங்க, காட்டுங்க. குத்துறவர் முழு வேகத்துல குத்துவாரா? ஓடறதுக்கு எவ்வளவு நேரம் பயிற்சி கொடுப்பீங்க? மூணாவது கேள்விக்கு அவர் சிரிச்சார்னா, அவரை டீ கொடுத்து அனுப்பிடுங்க.

சிலம்பம் இன்னைக்கு நல்ல நிலைமைக்கு வந்திருக்கு. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல காட்சி விளையாட்டா சேர்த்தாங்க. எங்க ஊர்ப் பக்கமே சின்னச் சின்னப் பசங்க சாயங்காலம் கம்பைத் தூக்கிக்கிட்டுப் போறதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமா இருக்கு. அந்தப் பசங்க யாரும் என்னை மாதிரி ரெண்டு விரல்ல கிளட்ச் பிடிக்க வேண்டாம்.

இதுவரைக்கும் இருபத்து மூணு கத்தி முடிச்சிருக்கேன். கிரிவலம் வர்ற நண்பர்கள் கோயில் கிட்ட வந்து "செருப்புக் கத்தி ஜெராக்ஸ் கடை"ன்னு கேட்டா டீக்கடைக்காரரே சிரிச்சுக்கிட்டு வழி சொல்வார். காசு வேண்டாம். வரும்போது ஒரு ஒத்தைச் செருப்பு கொண்டு வந்தா போதும்.

டிஸ்கி: அக்கா பொண்ணு அந்தச் சான்றிதழைக் கிழிக்கலை. பின்பக்கம் வெள்ளையா இருக்குன்னு அதுல செருப்புக் கத்திக்கு அளவு வரைஞ்சு வச்சிருக்கா. இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா தெருப் பொண்ணுங்க ஏழெட்டுப் பேர் எங்க மாடியில. பக்கத்து வீட்டு ஆயா இப்பல்லாம் ஓடி வர்றதில்லை, அங்கேருந்தே "இன்னும் சத்தமா கத்துங்கடி"ங்கறாங்க.